பச்சைக் கயிறு கட்டிய கண்ணா இலை

முதலில் வந்தது ஒரு சொப்பிங் பை. பக்கத்து வளவு அந்தோனியம்மா அதைப் படலையில் கொழுவிவிட்டு, "ரீச்சர், உங்கட இலை!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து பார்த்தேன். பை நிறையக் கண்ணா இலை, கடலோரச் சேற்றில் நிற்கும் கண்டல் மரத்தின் இலை. சேற்று மணமும் உப்பு மணமும் சேர்ந்து அடித்தன. எனக்கு மனம் குளிர்ந்து போனது.

தேநீர் ஆறுவதற்குள் ஓர் உரப்பை வந்தது. பிறகு இரண்டு பேர் தடியில் கொழுவித் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெரிய கட்டு. பிறகு சைக்கிள் கரியரில் ஒன்று, ஓட்டோவில் ஒன்று. காலைப் பூசைக்கு உடுத்துப்போன நல்ல உடுப்போடேயே கண்ணாப் பற்றைக்குள் இறங்கியிருக்கிறார்கள். சேலைக் கரைகளிலெல்லாம் கறுப்புச் சேறு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே எங்கள் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. படலைக்கு வெளியே ஊர்க் கழுதைகள் இரண்டு வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அக்கா, இனி நாங்கள் ஒரு ஆட்டுப்பட்டி வைக்கலாம்," என்றாள் என் தங்கை பிலோமினா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு இலையும் எங்கிருந்து வந்தது? கோப்பையை மதிலில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

எங்கள் ஊரான தோட்டவெளிக்குப் பின்னால் கடல்நீர் உள்ளே வந்து தேங்கி நிற்கும் ஒரு மூலை உண்டு. அங்கேதான் என் கண்ணாப் பற்றை. போய்ப் பார்த்தால், பற்றை நின்ற இடத்தில் குச்சிகள் நின்றன. ஓர் இலை கிடையாது. சேறு முழுவதும் காலடிகள். ஆராய்ச்சிக்கு இலை சேர்க்கத் திணைக்களம் எனக்குத் தந்த அனுமதியில், ஊரே சேர்ந்து மொட்டையடிக்கலாம் என்று எங்கும் இல்லை.

சைக்கிளைப் பிடித்தபடி அங்கேயே நின்று அழுதேன்.

மிளகுப் பொட்டு

இந்தத் தொடரை வாசித்து வருபவர்களுக்கு என் காலைப் பற்றித் தெரியும். அது சும்மா இருக்காது. உயிரியல் ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும் வகுப்பில் நடந்துகொண்டே படிப்பித்தவள் நான். எங்கள் அம்மா, "இவளைக் கதிரையில கட்டித்தான் வைக்கவேணும்," என்பார். அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்ற பிறகு போய் விழுந்தது, அசையாமல் இருந்து பார்க்கவேண்டிய ஒரு வேலையில்.

அது ஓர் அந்துப்பூச்சி. அரிசி மணியிலும் சிறியது. அதன் புழு கண்ணா இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே வாழ்கிறது. உள்ளே இருக்கும் பச்சையைத் தின்றுகொண்டே போகும். போன வழி வெளியிலிருந்து பார்க்க வளைந்து நெளிந்த வெள்ளிக் கோடாகத் தெரியும். வளர்ந்ததும் இலையின் ஓரத்தை மெல்ல மடித்து, அதற்குள் கூட்டுப்புழுவாகிவிடும். சில நாட்களில் மடிப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வெள்ளிச் சிறகு. சிறகின் நுனியில் மிளகுத்தூள் ஒட்டியது போல ஒரு பொட்டு.

என்னிடம் இருந்த புத்தகங்களில் அந்தப் பொட்டு இல்லை. பழைய மாணவர்கள் வாங்கித் தந்த நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் படமெடுத்துக் கொழும்பில் இருக்கும் ஒரு பேராசிரியைக்கு அனுப்பினேன். இத்தகைய சின்னஞ்சிறு பூச்சிகளிலேயே காலத்தைக் கழித்தவர். பதில் வர நெடுநாள் சென்றது. அந்த நாட்களில் நான் தொலைபேசியைத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுத்தேன்.

"இதை நான் பார்த்ததில்லை," என்றார் அவர். "புதிய இனம் போலத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பியது எல்லாம் பெண். ஆண் வேண்டும்."

இந்தச் சிறிய பூச்சிகளில் சிறகை மட்டும் நம்ப முடியாது. ஒன்றையொன்று உரித்து வைத்ததுபோல் இருக்கும் இரண்டு பூச்சிகள் இரண்டு வேறு இனமாக இருக்கலாம். ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் உள்ள உறுப்புகள்தான் உறுதியாகச் சொல்லும். ஆண் இல்லாமல் அவசரப்பட்டு எழுதி, பிறகு அது எப்போதோ எவரோ பெயர் வைத்த பூச்சி என்று தெரிந்தால் எல்லாம் வீண்.

ஆண் வரவில்லை. வாடைக்காற்று போய்ச் சோளகக் காற்று பிறந்தது. என் போத்தல்களில் பெண் பூச்சிகள் வந்தன, புழுவைத் தின்னும் குளவிகள் வந்தன, பூஞ்சணம் வந்தது. அக்கரையில் இராமேஸ்வரத்தில் யாரோ ஒருவர் இதே பூச்சியை ஊசியில் குத்தி வைத்துக்கொண்டு எனக்கு முன் எழுதிக்கொண்டிருப்பார் என்று ஒரு பயம் எனக்குள் புகுந்தது. அந்த ஆளுக்கு நான் மனத்தில் மீசைகூட வைத்துவிட்டேன்.

"அரிசிக்குள்ள இருக்கிற அந்தை நாங்கள் வெயிலில காயப்போட்டுக் கலைக்கிறம். நீங்கள் இலைக்குள்ள இருக்கிறதைத் தேடித் திரியிறீங்கள்," என்பாள் பிலோமினா.

பூசை முடிவில்

எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பூசை முடியும் முன் அறிவித்தல் வாசிப்பார்கள். பிரசங்கத்துக்குக் கண்ணயர்ந்தவர்களும் அறிவித்தலுக்கு விழித்துக்கொள்வார்கள். கலியாண ஓலை வாசிக்கப்படும். இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று கேட்கப்படும். காணாமல்போன ஆடு, சங்கக் கூட்டம், கொடியேற்றத்துக்குச் சிரமதானம், எல்லாம் அதில் வரும். அங்கே ஒரு வேலை அறிவிக்கப்பட்டால் எந்த வீடும் ஒதுங்கி நிற்காது. ஒதுங்கினால் ஊர் பேசும்.

பங்குத்தந்தை கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயற்காரக் குடும்பத்துப் பிள்ளை. எதற்கும் உற்சாகம். அவரிடம் நான் கேட்டது இரண்டே விஷயம். அந்த மூலையில் ஆட்டுக்குக் கண்ணா குழை வெட்டவேண்டாம். வேறெங்காவது வெள்ளிக் கோடு விழுந்த இலையைக் கண்டால் எனக்குச் சொல்லவேண்டும்.

அந்த ஞாயிறு காலை அவர் கலியாண ஓலை வாசித்த அதே குரலில், மூச்சு விடாமல் தொடர்ந்தார்.

"எங்கட பங்கின்ர கரையில, உலகத்தில ஒருத்தரும் இதுவரைக்கும் பேர் வைக்காத ஒரு பூச்சி இருக்குது. ரீச்சருக்கு அதில ஒரு ஆண் பூச்சி தேவைப்படுது. எங்கட கரையில வெள்ளைக் கோடு விழுந்த கண்ணா இலையைக் கண்டால், வீட்டுக்கு வீடு ஒரு கை குடுங்கோ."

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. நான் கலியாணம் கட்டாதவள் என்பது ஊருக்கே தெரியும். "ரீச்சர் கடைசியில மாப்பிள்ளை தேடத் தொடங்கிட்டா," என்று யாரோ சொல்ல, பின்வரிசை வாங்கு முழுவதும் குலுங்கியது. நானும் சிரித்தேன். வெட்டவேண்டாம் என்ற பாதியை ஃபாதர் விட்டுவிட்டார் என்பது, உரப்பைகள் முற்றத்தில் இறங்கியபோதுதான் எனக்கு உறைத்தது.

நுளம்பு வலைக்குள்

வந்த இலைகளில் முக்கால்வாசியில் கோடே இல்லை. கண்ணா இலை உப்பை வெளியே தள்ளும்; அந்த உப்புப் பூத்ததைக் கோடு என்று பிடுங்கியிருந்தார்கள். நாக்கில் வைத்தால் கரித்தது. நத்தை ஊர்ந்த தடம், கொக்கு எச்சம், எல்லாமே வெள்ளைதான். ஆனால் நடுவே நல்ல இலைகளும் இருந்தன. மடிந்த ஓரத்தோடு, உள்ளே உயிரோடு.

அத்தனைக்கும் என்னிடம் போத்தல் இல்லை. பிலோமினா தன் கட்டிலில் இருந்த நுளம்பு வலையைக் கழற்றி வந்து விறாந்தை அறையின் நடுவில் கட்டினாள். கட்டுகளைப் பிரிக்காமல் அதற்குள் அடுக்கினோம். எது வெளிவந்தாலும் வலையில் உட்காரவேண்டும்.

ஆட்டுக்குக் குழை கட்டுவது போலத்தான் எல்லாரும் கட்டியிருந்தார்கள், கையில் அகப்பட்ட கயிற்றால். இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கரையில் வலை போடுகிறவர்கள் ஒவ்வொருவரும் தம் மிதவைகளில் ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். ஒருவருக்குச் சிவப்புத் துணி, ஒருவருக்கு நீலக் கயிறு, இன்னொருவருக்கு ஒரு தனி முடிச்சு. கடலில் யார் வலை எது என்று தூரத்திலேயே தெரியும். மிச்சக் கயிறு வீட்டுக்கு வந்து, வேலி கட்ட, ஆடு கட்ட, கொடி கட்ட என்று எல்லாவற்றுக்கும் உதவும். அன்று அது இலை கட்டவும் உதவியது.

திங்கட்கிழமை பின்னேரம் கடைசியாக ஒரு கட்டு வந்தது. கொண்டுவந்தவர் மரிசால். என்னிடம் படித்தவர், இப்போது நாற்பது தாண்டிய கடற்றொழிலாளி. அதிகம் பேசாதவர். "எங்கட கரையிலதான் பிடுங்கினனான், ரீச்சர்," என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். அதையும் வலைக்குள் வைத்தோம்.

பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. அடுப்பில் கறியை வைத்துவிட்டு வலையைப் பார்ப்பேன். வலையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கறி அடிப்பிடிக்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டு மொட்டைப் பற்றைக்கு ஓடுவேன், துளிர் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பேன், திரும்பி வருவேன். வலைக்குள் இலைகள் கறுத்தன. புளித்த மணம் வீடெங்கும் பரவியது. குளவிகள் வந்தன, ஈக்கள் வந்தன.

ஆண் கிடைக்காதது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரிந்து அந்தப் பூச்சிக்கு இருந்தது அந்த ஒரே மூலைதான். அதன் இலை எல்லாம் இப்போது என் வீட்டில் அழுகிக்கொண்டிருக்கிறது. பெயர் வைக்கப் போய் அதன் குலத்தையே முடித்துவிட்டோமோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலை, வலையின் உட்புறத்தில், என் மூக்குக்கு நேரே வெள்ளியாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. நுனியில் மிளகுப் பொட்டு. அதைக் குழாய்க்குள் எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வயிற்று நுனியைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் பிலோமினா அகப்பையோடு ஓடி வந்தாள்.

"என்ன, மாப்பிள்ளை வந்திட்டாரோ?"

"ஓமடி, வந்திட்டார்!"

ஆளுக்கொரு உரிமை

பேராசிரியை தொலைபேசியில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு காரியத்துக்கு வந்தார். ஒரு புதிய இனத்தின் பெயர் ஒரே ஓர் உடலின்மேல்தான் நிற்கும். அந்த உடலின் ஊசியில், விரல்நகம் அளவு துண்டில், அது கிடைத்த இடமும் பிடித்தவர் பெயரும் இருக்கவேண்டும். "அதை மட்டும் சரியாக எழுதி அனுப்புங்கள். மற்றது என் பொறுப்பு," என்றார்.

எந்தக் கட்டில் இருந்து வந்தது என்றுதான் எனக்குத் தெரியாதே. ஆனால் ஊருக்குத் தெரிந்திருந்தது.

"என்ர சொப்பிங் பையிலதான் வந்தது," என்றார் அந்தோனியம்மா. "பிடுங்கேக்கையே எனக்கு ஒரு மாதிரி இருந்தது." ஓட்டோக்காரர் தன் இலைதான் என்று கோவில் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்தார். தடியில் தூக்கி வந்த அண்ணன் தம்பி இருவரும், முன்பக்கம் பிடித்தவர் பெயரா பின்பக்கம் பிடித்தவர் பெயரா என்று பிணக்குப்பட்டுக்கொண்டார்கள்.

நான் வலைக்குள் புகுந்து உட்கார்ந்தேன். இலை இலையாகப் புரட்டினேன். பூச்சி வெளியேறும்போது கூட்டுப்புழுவின் வெற்றுத் தோல் மடிப்பில் இருந்து பாதி நீட்டிக்கொண்டு நிற்கும். அதைத்தான் தேடினேன். கால் மரத்துப்போன பிறகு கிடைத்தது. பச்சைக் கயிற்றால் இரட்டை முடிச்சுப் போட்ட கட்டு.

"உது மரிசாலின்ர கயிறெல்லே," என்றாள் பிலோமினா, எட்டி நின்றே.

அடுத்த ஞாயிறு ஃபாதர் அதையும் அறிவித்தார். எங்கட கரையில் ஆண் பூச்சி கிடைத்தது, கொண்டுவந்தவர் மரிசால் என்று சொல்ல, கோவிலில் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அவர் பூச்சி மரிசால். தேத்தண்ணிக் கடையில் அவரைக் கண்டு எழும்பிக் கதிரை கொடுத்தார்கள். அவர் மனைவி முன்வாங்குக்கு வந்து இருக்கத் தொடங்கினார். அவர் மட்டும் தலையைக் குனிந்தபடி திரிந்தார். கூச்சம் என்று நினைத்தேன்.

இந்த மரம்தான்

சரியான இடத்தைக் காட்டச் சொல்லி அவரை அந்த மூலைக்குக் கூட்டிப் போனேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு குச்சியைக் காட்டினார்.

"இந்த மரம்தான், ரீச்சர்."

அந்த மரத்தைப் பார்த்தேன். அதன் பக்கத்தில்தான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தேன்.

"மரிசால், நீர் இலை கொண்டுவந்தது திங்கட்கிழமை பின்னேரம். ஞாயிறு மத்தியானமே இஞ்ச ஒரு இலை இல்லை. நான் வந்து பார்த்தனான்."

அவர் கால்விரலால் சேற்றைக் கிளறிக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"நான் அந்த ஞாயிறு பூசைக்கே வரேல்ல, ரீச்சர். கடலுக்கு அங்கால அரிப்பு ஊரில, தங்கச்சி வீட்டுக்குக் கிட்ட வாடிக் கொட்டில் போட்டுத் தொழில் செய்துகொண்டு நிண்டனான். மனுசி போன் எடுத்து, ஊர் முழுக்க இலை குடுத்திட்டுது, எங்கட வீடு மட்டும் இல்லை, நாளைக்கு வரேக்க கொண்டு வாங்கோ எண்டா. வாடிக்குப் பின்னால நிண்ட கண்ணாவில வெட்டினனான். ஃபாதர் எங்கட கரை எண்டு கேட்டவராம். அதால நானும் எங்கட கரை எண்டனான்."

நான் அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். "அங்க இன்னும் கோடு விழுந்த இலை இருக்குதோ?"

"நிறையக் கிடக்கு. அங்க ஆர் பிடுங்கினது?"

அரிப்பிலும் இருக்கிறது! நாங்கள் முடித்துவிடவில்லை. அது நீருக்கு அந்தப் பக்கமும் இலைக்குள் கோடு போட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தச் சேற்றிலேயே ஆடவேண்டும்போல் இருந்தது. மரிசாலுக்கோ அழுகை வரும்போல் இருந்தது.

"ரீச்சர், என்ர பேரைப் போடாதேங்கோ," என்றார். "தோட்டவெளி எண்டே எழுதுங்கோவன். பூச்சி வந்து சாட்சி சொல்லப்போகுதே?"

ஊரே தன் பெயரைப் போடச் சொல்லி நிற்க, வேண்டாம் என்றது இந்த ஒரே மனிதர்தான்.

மறைப்பானேன், எனக்கும் ஆசை வந்தது. தோட்டவெளி என் இடம். எத்தனை நாள் அந்த மூலையில் நுளம்புக் கடி பட்டிருப்பேன். எழுதிவிட்டால் ஃபாதருக்கும் சந்தோசம், ஊருக்கும் சந்தோசம். ஆனால் பிற்காலத்தில் யாரோ ஒருவர் அந்தத் துண்டை நம்பி, அந்த ஆணை இந்தச் சேற்றுக்குள் தேடிக்கொண்டு நிற்பார். அரிப்புக் கண்ணாவை யாராவது வெட்ட வந்தால், இங்கே இப்படி ஓர் உயிர் இருக்கிறது என்று சொல்ல ஒரு துண்டும் இருக்காது.

"இடத்தை மாத்த மாட்டன், மரிசால். உம்மட பேரை வேணுமெண்டால் விடுறன்."

"அரிப்பில ஆர் பிடிச்சது எண்டு கேட்டால்?"

"தெரியாது எண்டு எழுதுவன்."

"அதுவும் பொய்தானே, ரீச்சர்," என்றார். பிறகு, "சனிக்கிழமை மட்டும் பொறுங்கோ," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சனிக்கிழமை

பொறுப்பது எனக்குத் தெரிந்த வேலை அல்ல. பேராசிரியை இரண்டு முறை அழைத்தார். இரண்டு முறையும் மழுப்பினேன். துண்டை வெட்டி வைத்தேன், சிறியதாகிவிட்டது என்று இன்னொன்று வெட்டினேன். வலையைக் கழற்றித் தோய்த்துக் காயப்போட்டேன். மூலைக்குப் போனபோது குச்சிகளில் பச்சைத் துளிர் அரும்பியிருந்தது. அதைக் கண்டும் கால் ஓயவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காருவார். நான் பின்வாங்கில் போய் இருந்தேன், செபிக்கிறேன் என்ற பாவனையில். வரிசையில் மரிசால் நின்றார், தலை வாரி, வெள்ளைச் சேட்டுப் போட்டு. அவர் முறை வந்தது. உள்ளே போனார். முன்னால் போனவர்களை விட நிறைய நேரம் எடுத்தது. இடையில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா, சிரிப்பை அடக்கியதா என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்தவர் முழந்தாளிட்டார். உதடு அசைந்தது. பிறகு எழுந்து நேரே என்னிடம் வந்தார்.

"பாவத்துக்குப் பரிகாரமா மூண்டு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னவர்," என்றார் மெதுவாக. "நான் இதைவிடக் கூடத் தருவார் எண்டு நினைச்சனான்."

"பேந்து?"

"நாளைக்கு அறிவித்தல் நேரம் நானே எழும்பிச் சொல்லப்போறன். சிரிக்கிறவை சிரிக்கட்டும். நீங்கள் எழுதுங்கோ. முழுப்பேரையும் எழுதுங்கோ, ரீச்சர்."

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். மேசைக்கு முன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தச் சின்னத் துண்டில் அரிப்பு என்று எழுதினேன். அதன் கீழே அவர் தகப்பன் பெயரோடு மரிசாலின் முழுப்பெயரையும் எழுதினேன்.

மை காயும்வரை கதிரையை விட்டு நான் எழும்பவில்லை.